நலமாயிருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: இரத்த அழுத்தமும் பெண்களின் சிறுநீரகமும்



செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள ஊர்களில் மருத்துவ முகாம் வைக்கும்போதெல்லாம் நாங்கள் தவறாமல் கேட்கும் ஒரு வாசகம் உண்டு. “எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். அவருக்குப் பாருங்க.” கணவரையோ மாமியாரையோ பிள்ளையையோ அழைத்து வந்த பெண் இப்படிச் சொல்லிவிட்டு, சுவரோரமாய்ப் போய் நின்றுகொள்வாள். மீன்கூடை சுமக்கிறவள், நூறு நாள் வேலைக்குப் போகிறவள், மறைமலைநகர் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறுகிறவள், எல்லாரும் சொல்வது அதே வாசகந்தான். அவள் சொல்வது பொய்யல்ல. அவளுக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, வேலையும் நின்றுபோகவில்லை. ஆனால் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வலியோடு வருகிற நோய்கள் அல்ல. அவை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஆகையால் இந்த இதழில் நோயாளிகளைப்பற்றி அல்ல, நலமாயிருக்கிற பெண்களைப்பற்றி எழுதுகிறோம். உணவையும் பழக்கங்களையும் மாற்றினால் அவர்களுடைய இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் உண்மையாகவே காக்கப்படுமா? எந்த மாற்றம் எவ்வளவு பலன் தரும்? எதற்குப் பலன் இல்லை? தெரிந்தவரையில் எளிமையாய்ச் சொல்லுகிறோம்.

மதகும் வயலும்

நம்முடைய மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். மதுராந்தகம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு மதகு என்பது என்னவென்று சொல்லவேண்டியதில்லை. ஏரித் தண்ணீரின் அழுத்தத்தை அடக்கி, வயலுக்கு வேண்டிய அளவை மட்டும் விடுவது மதகு. அது ஒழுங்காயிருந்தால் பயிர் பிழைக்கும். நாளும் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் தண்ணீர் பாய்ந்தால் கால்வாயின் கரை அரிக்கும், வயலில் மணல் மூடும்.

சிறுநீரகத்துக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சிறு இரத்தக்குழாய் மதகுபோல் நின்று, உள்ளே போகிற இரத்தத்தின் வேகத்தை அடக்குகிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. 15 லிட்டர் குடத்தில் கணக்கிட்டால் 12 குடம்! அதில் ஒன்றரை லிட்டரைமட்டும் சிறுநீராக வெளியேற்றி, மீதியைத் திரும்ப இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன.

இரத்த அழுத்தம் வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அந்த மதகுகளின் சுவர் தடித்துக் கெட்டிப்படும். சில வடிகட்டிகளுக்கு இரத்தம் குறைந்து அவை சுருங்கிப்போகும். மீந்திருப்பவை அந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கும். அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தில் அவற்றின் சல்லடை கிழிந்து, ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகும். பிறகு அவையும் தழும்பாகிவிடும். வடிகட்டிகள் குறையக் குறைய உடம்பில் உப்பும் நீரும் தேங்கி, இரத்த அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் இந்தச் சுழலில் பாதிக்குமேல் வடிகட்டிகள் போனபின்பும் பெரும்பாலோருக்கு ஓர் அடையாளமும் தெரிவதில்லை. தழும்பான வடிகட்டி மறுபடியும் முளைப்பதில்லை. அதனால்தான் நலமாயிருக்கும் காலமே இதற்கு ஏற்ற காலம் என்கிறோம்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவர் 1827-ல், வீக்கத்தோடு வந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடாக்கினார். முட்டையின் வெள்ளைக்கருபோல் அது திரிந்தது. அதைக்கொண்டே சிறுநீரக நோயை அவர் கண்டறிந்தார். இன்று கரண்டியும் மெழுகுவர்த்தியும் வேண்டாம். சில ரூபாய் விலையுள்ள ஒரு பரிசோதனைத் தாளைச் சிறுநீரில் நனைத்தால் போதும்.

பெண்களுக்குத் தனியாக ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கிரியாட்டினின் அறிக்கை. கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. பெண்களுக்குத் தசை குறைவானதால் அந்த எண்ணும் குறைவாகவே வரும். அறிக்கையில் 1.2 என்று வந்தால் பலர் “நார்மல்தான்” என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் மருத்துவர்கள் இப்போது பயன்படுத்தும் கணக்கின்படி, 55 வயது ஆணுக்கு 1.2 என்றால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 71 மில்லி லிட்டர். அதே வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் சுமார் 53 மட்டுமே. மூன்று மாதத்துக்கு மேலாக 60-க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆகவே கிரியாட்டினினைமட்டும் பார்க்காமல், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் திறனைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுக்கூட அறிக்கையில் அது இ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும்.

இரண்டாவது, பிரசவம். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் போன தாய்மார், குழந்தை பிறந்து எல்லாம் சரியானதும் அதை மறந்துவிடுகிறார்கள். சிறுநீரகம் மறப்பதில்லை. நார்வே நாட்டில் 5 லட்சத்து 70 ஆயிரம் தாய்மாரின் பதிவுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் கர்ப்பத்தில் இந்த உபாதை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் காணப்பட்டது. அப்படிச் செயலிழப்பவர்கள் மிகச் சிலரே, பயப்படவேண்டாம். ஆனால் பழைய பிரசவச் சீட்டில் “பி.பி.” என்று எழுதியிருந்த ஒவ்வொரு பெண்ணும் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ளவேண்டியவள்.

மூன்றாவது, சொல்லத் தயங்கும் ஒரு காரியம். நம் நாட்டில் 2019 முதல் 2023 வரை உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம், ஈரல் போன்ற உறுப்பைக் கொடுத்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். பெற்றுக்கொண்டவர்களிலோ பத்துக்கு ஏழு பேர் அளவில் ஆண்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை நடந்து வெற்றி கண்ட நாள் தொட்டு இந்தியாவில் எத்தனையோ உயிர்கள் இவ்விதம் பிழைத்திருக்கின்றன. அதற்காக நன்றி சொல்லுகிறோம். ஆனால் வீட்டிலே கொடுக்கிறவள் பெண் என்றால், மீதியிருக்கும் ஒரே சிறுநீரகத்தையும் அவளுடைய இரத்த அழுத்தத்தையும் வருடாவருடம் பார்க்கவேண்டிய கடமையும் வீட்டாருக்கு உண்டு.

ஆராய்ச்சிகள் என்ன சொல்லுகின்றன?

நலமாயிருந்த பெண்களையே பல்லாண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வு அமெரிக்கச் செவிலியர்களிடையே நடந்தது. 27 முதல் 44 வயது வரையுள்ள, இரத்த அழுத்தம் இல்லாத 83,882 செவிலியர்களை 1991 முதல் 14 ஆண்டு கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு காரியங்களைப் பார்த்தார்கள்: அளவான உடல் எடை, தினம் அரைமணி நேரம் வேகமான உடற்பயிற்சி, காய் கனி மிகுந்த உணவு, வலி மாத்திரைகளை வாரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாக எடுப்பது, ஃபோலிக் அமிலம், மிகக் குறைந்த அளவு மது. ஆறும் உடையவர்களுக்கு இரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாயிருந்தது. ஆறிலும் அதிக வலிமையுள்ளது உடல் எடையே. மதுவைப்பற்றி ஒரு வார்த்தை: குடிக்காத பெண்கள் இதற்காகத் தொடங்கவேண்டிய அவசியம் எதுவுமில்லை.

இதே செவிலியர் குழுக்களில் ஒன்றைச் சேர்ந்த 3,000-க்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகத் திறனைப் பதினொரு ஆண்டு இடைவெளியில் அளந்தார்கள். உப்பு அதிகம் உண்டவர்களுக்கும், செயற்கை இனிப்புச் சேர்த்த சோடா பானத்தை நாளுக்கு இரண்டும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கும் திறன் வேகமாய்க் குறைந்திருந்தது.

இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள். ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று இவை முழுதும் நிரூபிப்பதில்லை. ஆனால் உப்பைப்பற்றி உறுதியான சோதனையே உண்டு. 2001-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 412 பேருக்கு உணவைச் சமைத்தே கொடுத்து, உப்பின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். காய், பழம், கொழுப்பு நீக்கிய பால் மிகுந்த உணவோடு உப்பையும் குறைத்தபோது, இரத்த அழுத்த நோய் இல்லாதவர்களுக்கே மேல் எண் சராசரியாய் 7 புள்ளி இறங்கியது. நோய் உள்ளவர்களுக்கு 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. ஒரு மாத்திரை செய்கிற வேலைக்கு இது குறைந்ததல்ல.

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறோம். நல்ல பழக்கங்கள் சிறுநீரகத்தின் திறனைக் கூட்டுவதில்லை. நாற்பது வயதுக்குமேல் எல்லாருக்குமே அது கொஞ்சங்கொஞ்சமாய்க் குறையும். அந்தக் குறைவை மெதுவாக்கி, இருப்பதைக் காப்பதே நாம் செய்யக்கூடியது. “சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்” என்று விற்கப்படும் பொடிகளுக்கும் பானங்களுக்கும் பணம் செலவழிக்கவேண்டாம்.

வீட்டு உப்புக் கணக்கு

ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறிய தேக்கரண்டி அளவு. சென்னையில் நடந்த ஆய்வொன்று 2007-ல் கண்டது சராசரி 8.5 கிராம்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவது எளிது. நான்கு பேருள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாள் வருகிறது? ஒரு மாதத்தில் தீர்ந்துபோனால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் ஆயிற்று. ஐம்பது நாள் வந்தால் 5 கிராம். இதில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர், பிஸ்கட் சேரவில்லை.

கோவளம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையில் நல்ல மீன் கிடைக்கிறது. மத்தியும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் பச்சையாய் வாங்கிக் குழம்பு வைத்தால் மிக நல்ல உணவு. அதே நெத்திலி கருவாடானால் உப்பு மூட்டை. கருவாட்டை விடவே முடியாதென்றால் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் வேறு உப்புப் போடாமல் சமைக்கலாம். கூழுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம். இலையில் உப்பு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். உப்பைத் திடீரென்று பாதியாக்கினால் வீட்டில் சண்டை வரும்! வாரத்துக்குக் கொஞ்சமாய்க் குறைத்து வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிப்போகும்.

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, வாழைப்பழம், பயறு வகை, மோர் இவை இரத்த அழுத்தத்துக்கு நல்லவை. இவற்றிலுள்ள பொட்டாசியம் உப்பின் தீமையைக் குறைக்கும். பொட்டாசியம் கலந்த உப்பும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் நடந்த சோதனையில் அது பக்கவாதத்தைக் குறைத்ததாக 2021-ல் அறிவித்தார்கள். ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் இருதயத்தையே நிறுத்தக்கூடும். பரிசோதனை செய்யாமல் அந்த உப்புக்கு மாறவேண்டாம்.

சோறு குற்றவாளியா?

“அரிசிச் சோற்றால்தான் பி.பி. வருகிறது” என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மருத்துவர் வால்டர் கெம்ப்னர், மருந்துகள் இல்லாத 1940-களில், சிறுநீரகமும் இரத்த அழுத்தமும் கெட்டுப்போனவர்களுக்கு உப்பில்லாச் சோறும் பழமும் சர்க்கரையுமே உணவாகக் கொடுத்தார். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பு புரியாமல், இரண்டு வாரத்தில் திரும்பி வரவேண்டிய ஒரு பெண் இரண்டு மாதம் அதே உணவில் இருந்துவிட்டு வந்தாள் என்றும், பெரிதாகியிருந்த அவளுடைய இருதயம் சுருங்கியிருந்ததைக் கண்டு அவரே வியந்தார் என்றும் மருத்துவ வரலாற்றில் சொல்லுவார்கள். அந்தக் கடும்பத்தியம் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் செய்யக்கூடியதல்ல. இன்று அதற்குத் தேவையுமில்லை. ஆனால் இரத்த அழுத்தத்துக்கு முதற்காரணம் சோறு அல்ல, சோற்றோடு சேரும் உப்பு என்பதை அது காட்டியது. அதிகச் சோறு எடையையும் சர்க்கரையையும் கூட்டும் என்பது வேறு காரியம். அதற்குத் தட்டில் சோற்றைக் குறைத்து, காயைக் கூட்டவேண்டும்.

வெயில், தண்ணீர், மாத்திரை

உப்பளத்திலும் வயலிலும் கல் பட்டறையிலும் வெயிலில் நிற்கிறவர்களின் சிறுநீரகம் வேறு விதத்திலும் கெடுகிறது. 2023-ல் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர் 3,000-க்கு மேற்பட்டோரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு ஐந்து பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ காரணமாயில்லை. வெயிலும் உடம்பில் நீர் வற்றுவதும் காரணமாகலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். பெண்களுக்கு இதில் இன்னொரு துன்பமும் உண்டு. வேலை செய்யுமிடத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று அவளுக்குப் புத்தி சொல்லுவதற்குமுன் அங்கே ஒரு கழிப்பறை வேண்டும்.

மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள், அதிலும் தண்ணீர் வற்றிய உடம்பில், சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. முகத்தை வெளுப்பாக்கும் சில களிம்புகளில் இருந்த பாதரசத்தால் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகியவர்களைக் கேரளத்து மருத்துவர்கள் 2023-ல் கண்டறிந்தார்கள். உற்பத்தி செய்தவர் பெயரும் விலாசமும் இல்லாத களிம்பையும் பொடியையும் வாங்கவேண்டாம்.

சிறு செலவில் செய்து காட்டியவர்கள்

இதெல்லாம் பட்டணத்துக்குத்தான் ஆகும் என்பாருக்கு ஒரு சாட்சி உண்டு. சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்களின் வழிகாட்டுதலில், கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990-களில் சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடுவீடாய் அனுப்பினார்கள். ஏறக்குறைய 25,000 பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் சோதித்தார்கள். குறை கண்டவர்களுக்கு மருத்துவர் விலை குறைந்த பழைய மருந்துகளையே கொடுத்தார். ஆளுக்கு ஆண்டுச் செலவு 27 அமெரிக்க சென்ட்தான் என்று கணக்குக் காட்டினார்கள். டயாலிசிஸ் வந்துவிட்டால் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கட்டணத்தை ஏற்றாலும், கூட வருபவரின் கூலியும் பஸ் கட்டணமும் வீட்டைச் சாய்த்துவிடும்.

அந்த வழியைப் பெரிதாக்கியதுபோல், தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு அவர்கள் வரும்போது கதவைத் திறந்து, வீட்டிலுள்ள பெண்கள் எல்லாரையும் உட்காரச் செய்யுங்கள்.

செய்யவேண்டியவை

30 வயதான ஒவ்வொரு பெண்ணும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். சுமை இறக்கி, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, சிறுநீர் கழித்தபின், காப்பி தேநீர் குடித்து அரைமணி கழித்துப் பார்க்கவேண்டும். 120/80-க்குக் கீழே நல்லது. வேறு வேறு நாளில் 140/90-க்கு மேல் நின்றால் மருத்துவரிடம் போகவேண்டும். இடையிலிருந்தால் உப்பு, எடை, நடை மூன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு கிலோ எடை குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும்.

சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், கர்ப்பத்தில் பி.பி. வந்தவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் கொடுத்தவர்கள் ஆண்டுதோறும் சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கவேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை “இறங்கிவிட்டது” என்று தாங்களாகவே நிறுத்தக்கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் இறங்கியிருக்கிறது.

நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது என்று அறிவோம். அதை ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பார்த்தபின் பெட்டியில் வைத்துவிடாதிருங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் சகோதரிக்கும், வாசலில் மீன் கொண்டுவரும் அம்மாவுக்கும், கூடையை இறக்கி ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். எண்ணை ஒரு தாளில் எழ்தித் தேதியிட்டுக் கொடுங்கள். கூடியிருந்தால் எங்கே போகவேண்டுமென்று சொல்லுங்கள். கேட்காமல் நிற்கிறவளைக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்த நோய்க்கு முதல் மருந்து.